தெருவுக்குக் கொடுத்த கரண்ட்

அந்த நாய் செத்துக் கிடந்ததை முதலில் பார்த்தவள் அன்புக்கரசிதான். காலையில் கடை ஷட்டரைத் தூக்க வந்தவள், வாசலை ஒட்டி நிற்கும் ரோசியின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் எதுவோ சாக்கு மாதிரிக் கிடக்கிறதே என்று கிட்டே போனாள். தார்ப்பாய் கட்டியிருந்த இரும்புக் குழாயை ஒட்டி, முந்தின நாள் மழை விட்டுப்போன தண்ணீரில், நாய் நாலு காலையும் விறைத்துக்கொண்டு கிடந்தது. தெருவில் எலும்புக்கு அலைகிற செவலை நாய். உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

துப்புரவு வேலைக்கு வந்தவர் அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகும்போது, ஏதாவது பைக் அடித்துப் போட்டிருக்கும் என்றார். பக்கத்து டிபன் கடை கோவிந்தசாமி, கண்ட எண்ணெயில் பொரித்ததைத் தின்றால் சாகாமல் என்ன செய்யும் என்றார். அன்புக்கரசி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயைச் சுற்றிச் சுற்றித் தார்ப்பாய்க்குள் போன கறுப்பு ஒயர், அவளுடைய கடைக்குள்ளிருந்துதான் வந்தது.

ஜங்ஷன் ரோட்டிலிருந்து பிரிகிற அந்தத் தெருவில் அவள் பீங்கான் சாமான் கடை வைத்திருந்தாள். ஊறுகாய் ஜாடி, கப்பு, பூந்தொட்டி, கொலு பொம்மை எல்லாம் இருக்கும். புருஷன் பாரி லாரி ஓட்டுகிறவன். இங்கே சரக்கேற்றினால் கேரளாவில் இறக்கிவிட்டுத் திரும்ப ஒரு வாரம் ஆகும். கடை முழுக்க அவள் பொறுப்பு. முன்னெல்லாம் பொழுது சாய்ந்தால் அந்தத் தெருவில் சத்தமே இருக்காது. ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்கள் சாக்கடைப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து பேப்பரை அலசுவார்கள். பிள்ளைகள் நடுத்தெருவில் ஷட்டில் ஆடும். தெருவிளக்கில் பாதி எரியாது. பொம்பளைகள் அந்தப் பக்கம் தனியாக வரத் தயங்குவார்கள்.

கொரோனா முடிந்த வருஷம் ஒரு பானிபூரி வண்டி வந்தது. அடுத்து ஒரு காளான் வண்டி. வேலை போனவர்கள், கடையை மூடினவர்கள், ஊருக்குத் திரும்பினவர்கள் என்று ஒவ்வொருவராக வந்து, தெருவின் இரண்டு பக்கமும் வண்டியாகிவிட்டது. பொரித்த கோழி, கொத்து பரோட்டா, சோளம், ஜூஸ், ஷவர்மா. பக்கத்து ஊர்களான கருவேப்பிலங்குறிச்சியிலிருந்தும் நல்லூரிலிருந்தும் குடும்பத்தோடு பைக்கில் வந்து தின்றுவிட்டுப் போனார்கள். தெருவில் நின்று சாப்பிட்டே அறியாத பொம்பளைகள் கையில் தட்டை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பயந்து நடந்த தெருவில் பகல் மாதிரி வெளிச்சம். அதே சமயம், உட்காரப் பாலக்கட்டை இல்லை, அதன்மேல் அடுப்பு இருந்தது. ஷட்டில் ஆட இடமில்லை. வண்டி நிறுத்த வசதியாகச் சாக்கடையைப் பலகை போட்டு மூடிவிட்டதால், கொஞ்சம் மழை பெய்தாலும் தெரு குளமானது.

இந்தக் கூட்டத்தால் தனக்கு லாபமா நஷ்டமா என்று கேட்டால் அன்புக்கரசிக்குச் சொல்லத் தெரியாது. ஆட்டோ வைத்துப் பெரிய ஜாடி வாங்க வருகிறவர்கள், வண்டி நுழையாததால் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பதில் சாயங்காலத்தில் எண்ணெய்க் கையோடு வந்து கப்பும் குட்டி பொம்மையும் வாங்குகிறவர்கள் கூடினார்கள். ஆனால் கோவிந்தசாமிக்குச் சந்தேகமே இல்லை. சாயந்திர தோசைக்கு நாற்காலி பிடிக்க ஆள் நின்ற அவர் கடையில் இப்போது ஈதான் உட்கார்ந்தது. மாஸ்டரை நிறுத்தினார். பிறகு சப்ளையரை நிறுத்தினார். வாசலில் நின்று தெருவைப் பார்க்கிறபோது அவர் தாடை இறுகுவதை அன்புக்கரசி பார்த்திருக்கிறாள்.

கரண்ட் கதை ஒரு பல்பில் ஆரம்பித்தது. ரோசி கோழி பொரிக்கிறவள். வீட்டில் புருஷன் அடைக்கலம் கறியைக் கழுவி மசாலா தடவிக் கொடுப்பான், இவள் கொண்டுவந்து விற்பாள். பேட்டரி லைட்டு பாதியில் அணைந்துவிடுகிறது, ஒரே ஒரு பல்பு போட்டுக்கொள்ளட்டுமா அக்கா என்று கேட்டாள். அன்புக்கரசி யோசிக்கவே இல்லை. அப்புறம் கறி கெடாமல் இருக்க ஒரு ஃப்ரீசர் பெட்டி வந்தது. அது ராத்திரியும் ஓடியாக வேண்டும். ரோசியின் ப்ளக் போர்டிலிருந்து ஜூஸ் கடைக்காரர் மிக்ஸிக்கு இழுத்தார். அவரிடமிருந்து ஷவர்மா கடை. அங்கிருந்து இன்னும் யார் யாரோ. ஒயரோடு ஒயரை முறுக்கி டேப்பைச் சுற்றி, தார்ப்பாய்க்கு மேலேயும் குழாயைச் சுற்றியும் அது தெருக்கோடி வரைக்கும் போய்விட்டது. கடையில் ஃபியூஸ் அடிக்கடி போனது. வண்டிக்காரர் சங்கத்துச் செயலாளர் ராஜ்மோகன் ஓர் ஆளை அனுப்பினார். வந்தவன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, உள்ளே தடிமனான கம்பியைச் சுற்றி மாட்டிவிட்டு, இனிமேல் போகாது என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னபடி அதற்கப்புறம் போகவே இல்லை. அப்போது அது நிம்மதியாகத்தான் இருந்தது.

நாய் செத்த இரண்டாம் நாள், தூறலில், ரோசியிடம் ஏதோ சொல்ல வெளியே வந்தவள் வழுக்கப் பார்த்து அந்தக் குழாயைப் பிடித்தாள். முழங்கை வரைக்கும் சுரீரென்று ஏறியது. கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தவளுக்குச் சத்தம் வரவில்லை. ரோசி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த வேகத்தில் குனிந்து, வாணலியில் ஜல்லிக் கரண்டியை விட்டுக் கிளற ஆரம்பித்தாள்.

அவள் அப்படிக் குனிந்ததைப் பார்த்து அன்புக்கரசி அடுப்பை ஒட்டிப் போய் நின்றாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா ரோசி?"

ரோசி வாடிக்கையாளர்கள் காதில் விழாதபடி பேசினாள். "மழ பேஞ்சா மட்டும் கொஞ்சம் விர்ருங்குதுக்கா. கீழ பலக போட்டுத்தான் நிக்கிறேன். ரப்பர் செருப்பு வேற போட்டிருக்கேன்."

"எதுருல நிக்கிறவங்க பலக மேலயா நிக்கிறாங்க?"

ஒரு சின்னப்பெண் தட்டை நீட்டிக்கொண்டு, மறுகையால் குழாயைப் பிடிக்கப்போனது. "கைய எடு பாப்பா, துரு ஒட்டும்" என்றாள் ரோசி. அவள் அதைச் சொன்ன பழக்கத்தைப் பார்த்தால், பல நாளாக எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு அன்புக்கரசிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி தெருவையே பார்த்தாள். யார் குழாய் பக்கம் போனாலும் அவள் கை தானாக நாற்காலிப் பிடியை இறுக்கியது. தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் தெருக்கோடி வரை நடந்துபோய்த் திரும்பி வந்து, எர்த்து கிடையாது, டேப்பெல்லாம் விட்டிருக்கிறது, ஃபியூஸில் கம்பி போட்டிருப்பதால் என்ன ஆனாலும் அது போகாது, ஆளைத்தான் கொண்டுபோகும் என்றார். பிரித்துவிடுங்கள் என்று இவள் சொன்னதும், சங்கத்தில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு, பேசிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று கிளம்பிவிட்டார்.

பாரியிடம் போனில் சொன்னாள். அவன் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினான். ஈபி ஆபீசில் சொல்லலாம்தான், ஆனால் கடை மீட்டரிலிருந்து வெளியே கரண்ட் கொடுத்தது நாம்தானே, முதலில் நம்மைத்தான் கேட்பார்கள் என்றான். தான் வருகிறவரை பொறுக்கச் சொன்னான். மழை பொறுக்குமா என்று கேட்டுவிட்டு அவள் போனை வைத்தாள்.

ராஜ்மோகனைப் பார்க்கப் போனாள். ஷவர்மா கடை அவருடையதுதான். சத்தம் போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. ஸ்டூல் எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார், முழுக்கக் கேட்டார், தலையை ஆட்டினார்.

"தீபாவளி வரைக்கும் போவட்டும் தங்கச்சி. அப்பால நானே ஆளு வெச்சு சரி பண்றேன்."

"அதுக்குள்ள யாருக்காவது ஏதாவது ஆயிட்டா, அண்ணே?"

"ஒண்ணும் ஆவாது." அவர் கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டார். "நீங்க நிறுத்தினா இங்க எத்தன வூட்டுல அடுப்பு எரியாதுன்னு பாருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா யாரு நிறுத்தினாங்கன்னு அத்தன பேருக்கும் தெரிஞ்சுரும். நீங்க பொம்பள, தனியா கட பாத்துக்கினு இருக்கீங்க. அதுவும் ஒடையிற சாமான்."

அவர் முகத்தில் கோபமே இல்லை.

கோவிந்தசாமி அன்றைக்கே விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டார். கடைக்குள் வந்து, ஒயரைப் பிடுங்கி விட்டுவிடும்மா, ஒரு வாரம் இருட்டில் கிடந்தால் அவனவன் மூட்டையைக் கட்டிவிடுவான், நானும் மனுஷன் மாதிரிப் பிழைப்பேன் என்றார். அன்புக்கரசிக்கு அதுவும் பிடிக்கவில்லை. நாய்க்கு வருத்தப்படாதவர், நாளைக்குச் சாகப்போகிற பிள்ளைக்காகவா பேசுகிறார்? அவள் பயத்தை அவர் தன் கடைக்கு முதலாக்கப் பார்க்கிறார் என்று தோன்றியது. இன்னொருவர் லாபத்துக்காகச் செய்யக்கூடாது என்று நினைத்தாள். அப்படி நினைத்தே எதையும் செய்யாமல் இருந்தாள். ஃபியூஸ் பெட்டி இருக்கும் மூலையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. நாலு மணிக்கே தெரு நிரம்பிவிட்டது. துணி எடுத்துவிட்டு வந்தவர்கள், பை பையாக மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு நின்றார்கள். ஆறு மணிக்கு மேகம் இறங்கியது. பெருந்துளியாக நாலு விழுந்து, அடுத்த நிமிஷம் கொட்ட ஆரம்பித்தது. ஜனங்கள் ஓடி ஓடித் தார்ப்பாய்களுக்குள் புகுந்தார்கள். ரோசியின் தார்ப்பாய்க்குள் மட்டும் நிற்க இடமில்லாமல் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். சிலர் அன்புக்கரசியின் கடைக்குள்ளும் ஏறினார்கள். ஜாடி மேல் இடிக்காமல் நில்லுங்கள் என்று கூடச் சொல்ல அவளுக்கு வரவில்லை. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூடின சாக்கடை வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் கணுக்காலைத் தாண்டி ஏறியது. ஃப்ரீசர் பெட்டிக்குக் கீழே, செங்கல் மேல் வைத்திருந்த ப்ளக் போர்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல்கடைதான் இருந்தது. காளான் தட்டு ஒன்று மிதந்துபோய் அந்தச் செங்கல்லில் முட்டி நின்றது. கூட்டத்தில் பிள்ளைகள் தண்ணீரை உதைத்து விளையாடின. இடுப்பில் கைக்குழந்தையோடு ஒருத்தி, வழுக்கிவிடுமோ என்று, பிடிக்க எதையாவது தேடிக் கையை நீட்டினாள்.

அன்புக்கரசி கத்தத்தான் வாயைத் திறந்தாள். கத்தினால் என்ன ஆகும் என்பது அதே நொடியில் தெரிந்தது. கரண்ட் என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை பேரும் மிரண்டு ஓடுவார்கள். ஓடுகிறவர்கள் பிடிப்பதற்குக் குழாயைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை. அவள் உள்ளே ஓடினாள். மூலையில் மெயின் சுவிட்சைக் கீழே அழுத்தினாள். அது சூட்டில் இளகிப் பிடித்துக்கொண்டு அசையவில்லை. ஃபியூஸ் கட்டையில் கை வைத்தாள். பீங்கான் தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துப் பிடுங்கினாள்.

தெரு முழுக்க இருண்டுபோனது. ஒரு கணம் மழைச் சத்தம் மட்டும். பிறகு கூச்சல். பிள்ளைகள் பெயரைச் சொல்லிப் பல குரல்கள். ஏதோ சரிந்தது, இரும்பு இரும்பில் மோதியது, ஒரு பொம்பளையின் அலறல் மற்ற எல்லாச் சத்தத்துக்கும் மேலே எழும்பியது. அது ரோசியின் குரல் என்று தெரிந்தபோது அன்புக்கரசி இருட்டில் தட்டுத் தடவி வாசலுக்கு வந்தாள்.

செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார்கள். ரோசி தண்ணீரில் மல்லாந்து கிடந்தாள். வாணலி கவிழ்ந்திருந்தது. தோளிலிருந்து முழங்கை வரைக்கும், தொடையிலும், கொதிக்கிற எண்ணெய் பட்டிருந்தது. ஆம்புலன்ஸ் ஜங்ஷன் ரோட்டு முனை வரைக்கும்தான் வர முடிந்தது. வண்டிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவில், கோவிந்தசாமி கடை பெஞ்சில் அவளைப் படுக்கவைத்து, நாலு பேர் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போனார்கள். கைக்குழந்தைக்காரி எங்கே போனாள் என்று அன்புக்கரசிக்குத் தெரியவில்லை. அவளுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது. வேறு யாருக்குமே ஒன்றும் ஆகவில்லை.

அதுதான் அன்புக்கரசிக்கு எமனாக வந்தது. யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை, எந்த ஒயரும் எரியவில்லை. பீங்கான் கடைக்காரி புத்தி கெட்டுப்போய், கூட்ட நேரத்தில் லைட்டை நிறுத்தி, பாவம் ரோசியை எண்ணெயில் போட்டுவிட்டாள். மறுநாள் ஊரில் இதுதான் பேச்சு. ராஜ்மோகன் வண்டிக்காரர்களோடு கடைக்கு வந்தார். பிடுங்கின ஃபியூஸ் கட்டையை அவள் கைப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தாள்.

"கட்டையக் குடுங்க தங்கச்சி."

மாட்டேன் என்று அவள் தலையை ஆட்டினாள். பின்னால் நின்ற யாரோ ஜாடி அடுக்கை முழங்கையால் தள்ளினார்கள். இடுப்பு உயர ஊறுகாய் ஜாடி ஒன்று விழுந்து நொறுங்கியது. "பாத்துடா" என்றார் ராஜ்மோகன், திரும்பிப் பார்க்காமலே. பிறகு எல்லோரும் போய்விட்டார்கள். சில்லுகளைப் பொறுக்கும்போது அவள் விரலை இரண்டு இடத்தில் கிழித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போக அவளுக்குத் துணிவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் போனாள். வார்டு வாசலில் அடைக்கலம் அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டான். ரோசி கட்டுப் போட்ட கையைத் தலையணையில் வைத்துப் படுத்திருந்தாள். கிட்டே வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினாள்.

"லைட்டு போறதுக்கு முன்னாடியே என் கை ஒட்டிக்கிச்சுக்கா," என்றாள் மெதுவாக. "ஃப்ரீசர் மூடிய தூக்கப் போனேன். புடிச்சிக்கிச்சு. கத்தப் பாக்கறேன், வாய் வரல. எதுருல அத்தன பேரு நிக்கிறாங்க, ஒருத்தருக்கும் தெரியல. நீங்க புடுங்கினதாலதான் வுட்டுச்சு. வுட்ட வேகத்துல வாணலி மேல வுழுந்தேன்."

அன்புக்கரசி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இத யார்கிட்டயும் சொல்லலயா நீ?"

"எப்படிச் சொல்றது? சொன்னா அத்தன கடையும் எடுத்துருவாங்க. எங்களுக்கு வேற என்னாக்கா இருக்குது?" ரோசியின் கண் நிறைந்திருந்தது. "நீங்களும் சொல்லாதீங்க. எனக்காக."

அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். மனசாரத்தான் ஆட்டினாள்.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. தெரு முனையில் நின்றுவிட்டாள். தெரு முழுக்க வெளிச்சம். அதே ஒயர்கள், அதே குழாய்கள், அதே ப்ளக் போர்டு. ரோசியின் இடத்தில் இப்போது பஜ்ஜி வண்டி. கரண்ட் கோவிந்தசாமி கடையிலிருந்து போயிருந்தது. அவர் கடைக்குள் மாதக்கணக்கில் காலியாக இருந்த நாற்காலிகளில் ஷவர்மா தின்கிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கும் வயிறு இருக்கிறதே அம்மா என்றார், அவள் எதுவும் கேட்காமலேயே.

மேற்கே மின்னியது. குழாய்களுக்கு நடுவில் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடின. அந்தத் தெருவில் இருபது வருஷமாக நடந்தவள், அன்று தன் கடைக்குப் போக அதற்குள் கால் வைக்கப் பயந்து, பின்தெரு வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனாள்.

காலையில் ஈபி ஆபீசில் போய் நின்றாள். போகிற வழியெல்லாம் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. ராஜ்மோகனின் துடைத்த கத்தி, நொறுங்கின ஜாடி, ரோசியின் கண், எல்லாம் முன்னால் வந்து நின்றன. எதிரே இருந்த அதிகாரி என்ன விஷயம் என்று கேட்டதும், அந்தத் தெருவுக்கு முதலில் கரண்ட் கொடுத்தது நான்தான் என்று ஆரம்பித்தாள். ரோசியின் கை ஒட்டினதையும் சொன்னாள். சொல்லும்போதே, அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறோம் என்று தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

மத்தியானமே வந்துவிட்டார்கள். டெஸ்டரை வைத்த இடத்திலெல்லாம் அதன் விளக்கு எரிந்ததாகச் சொன்னார்கள். கோவிந்தசாமிக்கும் அவளுக்கும் அபராதம். ஒயர்களை வெட்டிச் சுருட்டி வேனில் போட்டுக்கொண்டு போனார்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில் தெரு இருட்டாகிவிட்டது.

ஷட்டரைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் இன்று மூடினால் இனி எந்த நாளும் திறக்க முடியாது என்று அவளுக்குப் பட்டது. எமர்ஜென்சி விளக்கை ஏற்றி வைத்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தாள். வெளியே பீடி நெருப்புகள் தெரிந்தன. வண்டிக்காரர்கள் அங்கங்கே நின்று அவள் கடையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள். கடைசியில் ராஜ்மோகன் வந்து வாசலில் நின்றார். இந்தத் தடவை அவர் தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

அப்போதுதான் ஆட்டோ ஒன்று தெருவுக்குள் வந்தது. வண்டிகள் ஒதுங்கிக் கிடந்ததால் வாசல் வரை வந்துவிட்டது. அடைக்கலம் பிடித்துக்கொள்ள, ரோசி இறங்கினாள். விஷயம் காதில் விழுந்ததும், ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டோடேயே வந்திருந்தாள். அவள் நேரே அன்புக்கரசியிடம் வந்தாள்.

"சொல்லிட்டீங்களாக்கா."

"சொல்லிட்டேன்."

ரோசி வாசல்படியில் திரும்பி நின்று, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அக்கா சொன்னது நெசம். அன்னிக்கு எனக்குக் கை ஒட்டிக்கிச்சு. இவங்க புடுங்கலன்னா நான் செத்திருப்பேன்."

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று ராஜ்மோகன் கேட்டார்.

"சொன்னா கட போயிருமேன்னு பயம்," என்றாள் ரோசி. "இப்பதான் போயிருச்சே."

ஜூஸ் கடைக்காரர் முன்னால் வந்து, மழை நாளில் மிக்ஸியைத் தொட்டால் தனக்கும் இழுக்கும் என்றார். எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டாராம். பானிபூரிக்காரர், தன் மகளை வண்டிப் பக்கமே வரவிடுவதில்லை என்றார். சோளம் விற்கிறவர் சொன்னார். பரோட்டாக்காரர் சொன்னார். இருட்டுக்குள் ஒரு குரல் ஓய்ந்தால் இன்னொரு குரல் வந்தது. அத்தனை பேரும் அதைத் தொட்டிருந்தார்கள். தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி தட்டை நீட்டியிருந்தார்கள். அத்தனை சாயங்காலமும், அத்தனை பிள்ளைகளுக்கும். ராஜ்மோகன் தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வருஷம் தெருவில் தீபாவளி வியாபாரம் கிடையாது. அதற்காக இன்றுவரை அவளிடம் பேசாதவர்கள் இருக்கிறார்கள். தை மாசத்துக்கு மேல்தான் நகராட்சியில் சாக்கடைப் பலகைகளை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் வண்டிக்கு இடம் குறித்து, கம்பத்துக்குக் கம்பம் மீட்டர் வைத்தார்கள். பாதிப் பேருக்குத்தான் இடம் கிடைத்தது. மீதிப் பேர் எங்கெங்கோ போனார்கள். சோளம் விற்றவர் மங்களூர் பக்கம் கூலிக்குப் போவதாகக் கேள்வி. கோவிந்தசாமி கடையைப் பேக்கரிக்காரனுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்.

ரோசிக்கு இடம் கிடைத்தது. ஆனால் அன்புக்கரசியின் வாசலில் அல்ல, தெருக்கோடியில். கை இன்னும் முழுசாக மடங்காததால் அடைக்கலம் பொரிக்கிறான், அவள் பொட்டலம் கட்டுகிறாள். கடை மூடுகிற நேரத்தில் சில நாள் அன்புக்கரசி அந்தப் பக்கமாக நடந்து போவாள். ரோசி ஸ்டூலை எடுத்துப் போடுவாள். வாக்கு மீறினதைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசினதில்லை. மழைக்கு வானம் மூடினால் மட்டும் இரண்டு பேர் பேச்சும் ஒரே நேரத்தில் நின்றுபோகும்.